பெட்டியில் கோளாறு இல்லை

“பப்பாளி... சீப்பு... சுண்ணாம்பு.”

தென்றல் மன்றத்தின் கூடத்தில் அப்போது நாங்கள் இரண்டே பேர். மடக்கு நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. தனசேகரன் மேடையில் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, இந்த மூன்று சொற்களையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையை இடப்பக்கம் சாய்த்து, பின்சுவரிலிருந்து குரல் எப்படித் திரும்புகிறது என்று கேட்டார். பிறகு மறுபடியும் பப்பாளி.

அவருக்கு வேறு பரிசோதனை கிடையாது. பப்பாளியில் உதடு வெடிக்கும், சீப்பில் பல்லிடுக்கு சீறும், சுண்ணாம்பில் மூக்கு முனகும். மூன்றும் பிசிறில்லாமல் வந்துவிட்டால் உலகத்தில் எவன் பேசினாலும் வரும் என்பது அவர் முடிவு. “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்கிறவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “ஹலோவுல என்னங்க இருக்கு? வெறும் காத்து. அதை வச்சு என்னத்தக் கண்டுபிடிக்கிறது?”

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். “டெஸ்ட் முடிஞ்சதும் மைக்காரன் வாயை மூடிக்கணும். அதுக்கப்புறம் அது அவன் மைக் இல்ல.” பன்னிரண்டு வருடங்களில் மன்றத்து மேடையில் அவர் அந்த மூன்று சொற்களுக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

மைக் இல்லாமல் பேசினால் கேட்கவும் கேட்காது. வெள்ளைக்காரர்களின் ராணுவப் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் ரேடியோக்களைத் திராவகத்தால் கழுவியவர். கழுவியது ரேடியோவை மட்டுமல்ல, தொண்டையையும்தான் என்பது வெளியே வந்த பிறகே தெரிந்தது. காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு குரல். மூன்றடி தள்ளி நிற்பவர் “என்ன?” என்பார். அவரும் திருப்பிச் சொல்ல மாட்டார்.

வயது நாற்பத்தெட்டு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஸ்குரூ டிரைவர். வலது காது இடதைவிடச் சற்றுச் சிவப்பு. ஹெட்போனை அந்தப் பக்கம் மட்டும் அழுத்திப் பிடித்துக் கேட்டுக் கேட்டு வந்தது. கோப்பியைச் சாசரில் ஊற்றித்தான் குடிப்பார். குடிக்கும்போதும் தலை இடப்பக்கம் சாய்ந்தேயிருக்கும், சாசர் ஏதோ சொல்லப்போவது போல.

மன்றத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறை அவருடைய பட்டறை. மன்றத்துக்கு மைக் செட் போட்டுக் கொடுப்பதற்குப் பதிலாக அந்த அறை. தேக்கா வட்டாரத்தில் அதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. வீடு ரோவல் ரோட்டில் ஒரே அறை. அங்கே திராவகப் புட்டியைத் திறந்தால் அவர் மனைவி லீலாவுக்கு மூச்சு முட்டும். ஆகவே மாடிப்படி அறை போனால் அவருடைய தொழில் போயிற்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அறையைப் பார்த்தால் தெரியும். சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு கம்பிச்சுருள், ஒவ்வொரு சுருளிலும் தேதி எழுதிய துண்டுக் காகிதம்.

நடுவில் மேசை. மேசைமேல் பெட்டி.

தூக்கிச் செல்ல மேலே தோல் கைப்பிடி வைத்த தகரப் பெட்டி அது. முகப்பில் நான்கு சின்னக் குமிழ்கள், ஓரத்தில் ஒரு பெரிய குமிழ். நான்கு மைக்கில் வரும் குரல்களை வாங்கி, கூட்டிக் குறைத்து, ஒரே குரலாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. கம்பெனிக்காரன் வைத்த பெயர் மிக்சர். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அதற்குத் ‘தனசேகரன் பெட்டி’ என்றுதான் பெயர். சுங்கை ரோட்டில் பழைய ராணுவச் சாமான்கள் விற்கும் இடத்தில், பூட்ஸ் குவியலுக்கு அடியிலிருந்து எடுத்தாராம்.

எடுத்த நாளிலிருந்து அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். “வெள்ளைக்காரன் இதைச் செஞ்சது ரகசியம் பேசுறவனுக்கு. நம்மாளு பேசுறது கடலுக்கு அந்தாண்ட இருக்கிறவனுக்கு. தாங்குமா?” என்று உள்ளே நுழையும் இடத்திலேயே குரலைப் பாதியாகக் குறைத்துக் கட்டியிருந்தார். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்குச் செம்பெல்லாம் பச்சை பூக்கும், மெழுகில் பூஞ்சை படரும். அதற்காக ஒரு சின்ன பல்பை உள்ளே எரியவிட்டார். பெட்டி சும்மா இருக்கும் நேரங்களில் அதன் துவாரங்கள் வழியே மஞ்சள் வெளிச்சம் தெரியும். “தூங்குது” என்பார். மாதம் ஒருமுறை திறந்து, குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு குமிழின் உட்புறத்தையும் தேய்த்து, இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் நாற்பது என்று திருகுவார். கரகரப்பு என்பது அவருக்கு ஒரு மானப் பிரச்சினை.

பெட்டி மூடியின் உட்பக்கம் பென்சிலால் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண்: அந்த ஆள் பேச வந்தால் குமிழை எங்கே வைக்க வேண்டும் என்பது. தலைவர் பாலகிருஷ்ணன் மூன்றரை. மாணிக்கம் நான்கு, ‘மாலை போட்டால் மூன்று’. சிவகாமசுந்தரி டீச்சர் ஆறு. மன்றத்தில் வாய் திறந்த எல்லோரும் அந்த மூடியில் இருந்தார்கள். அவர் பெயர் மட்டும் இல்லை.

நான் ஊரிலிருந்து கப்பலேறி இங்கே வந்து ஐந்து வருடம். தலைவர் பாலகிருஷ்ணனின் கம்பெனியில் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிற வேலை. தமிழும் இங்கிலீஷும் எழுத வரும் என்பதால் மன்றத்தின் நடவடிக்கைப் புத்தகமும் என் கைக்கு வந்தது. கூட்டங்களில் மேடையோரம் போட்ட மேசையில் தலைவருக்கு இடப்பக்கம் என் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியும், மேடை தெரியும். பேனாவைக் கீழே போட்டுக் குனிந்தால், மேசைக்கு அடியில் தலைவர் காலில் மாட்டியிருக்கும் பழுப்பு நிறச் சப்பாத்தும் தெரியும்.

அறுபத்து மூன்றில் ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பேச்சாளர் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் பஸ்ஸுக்கு எழுந்து போனார்கள், நாடகம் போட வேஷம் கட்டியிருந்தவர்களுக்கு மீசை வியர்வையில் விழுந்தது. மறுநாள் தலைவர் மாடிப்படி அறைக்குக் குனிந்து வந்தார். நான் அப்போது பழைய அறிக்கை ஒன்றை எடுக்க அங்கே நின்றிருந்தேன்.

“தனசேகரா, நிறுத்தச் சொல்லிச் சீட்டு கொடுக்கிறோம். அவன் அதைப் படிச்சுட்டு, ‘தலைவர் நேரமாச்சு என்கிறார், இருந்தாலும்’னு அதையும் மைக்கிலயே சொல்லிட்டு, மறுபடி சேர சோழன்கிட்டப் போயிடுறான் லா. உன் பெட்டில ஏதாச்சும் செய்ய முடியாதா?”

“குறைச்சுடலாம் தலைவரே. ஆனா நான் கை வச்சா எல்லாரும் பாப்பாங்க.”

“உன் கை எதுக்கு? என் கால் போதும்.”

தனசேகரன் பத்து நாள் அதே வேலையாக இருந்தார். தலைவரைக் கூடத்து மேசை முன் நாற்காலியில் உட்கார வைத்து, மண்டியிட்டு, சப்பாத்து விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் கம்பளத்துக்கு அடியில் ஒரு சுவிட்ச். அதிலிருந்து மேசைக்கால் வழியாகப் பெட்டிக்கு ஒரு கம்பி. சட்டென்று அறுத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும், அது வேலைக்காரனுக்கு அழகில்லை என்றார். பழைய காமிரா ஒன்றின் ஒளிமானியிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்தெடுத்தார். வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும் சில்லு. இருமல் மாத்திரை டின் ஒன்றுக்குள் அதையும் மணி அளவுக் குட்டி பல்பு ஒன்றையும் எதிரெதிரே வைத்து, வெளிச்சம் கசியாமல் மூடினார். தலைவர் சுவிட்சை மிதித்தால் டின்னுக்குள் பல்பு மெல்ல எரியும். எரிய எரிய, பேச்சாளர் மைக்கின் குரல் அந்தச் சில்லு வழியே வடிந்துவிடும். இரண்டாம் குமிழுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. முதல் குமிழ் தலைவருடைய மைக். அதை எதுவும் தொடாது.

“உள்ள ஒரு லைட்டு எரியுது, வெளிய ஒரு மனுஷன் அணையுறான். சத்தமே இல்ல, பாத்தீங்களா கிராணியாரே?” என்று என்னைப் பேசச் சொல்லித் தானே மிதித்துக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

தலைவருக்கு அது போதவில்லை. “சத்தமே இல்லாமப் போனா, யாரோ செய்றாங்கன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. கொஞ்சம் கரகரன்னு வரட்டும். மைக் கெட்டுப்போச்சுன்னு நினைக்கணும்.”

தனசேகரன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என் செட்டு கெட்டுப்போச்சுன்னா?”

“அட, வருஷத்துல ரெண்டு வாட்டிதானே. அறை உன்னோடதுதான், எவன் கேக்கப்போறான்?”

இரண்டு நாள் அவர் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சுவிட்சின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, துருப்பிடித்த முனை ஒன்றைத் தேடி எடுத்துப் பொருத்தினார். “என் கையால கெடுத்தது இது ஒண்ணுதான்” என்றார். கெடுத்ததையும் சுத்தமாகத்தான் கெடுத்திருந்தார். கரகரப்பு இரண்டு நொடி, அளந்து வைத்தது போல.

அதற்குப் பிறகு கூட்டங்களில் ஒரு முறை படிந்துவிட்டது. பேச்சாளர் நீட்டுவார், சப்பாத்து நகரும், மைக் கரகரக்கும், குரல் வடியும். தலைவர் தம் மைக்கில், “மன்னிக்க வேண்டும், ஒலிபெருக்கியில் சிறு கோளாறு” என்பார். தனசேகரன் ஓடிவந்து பெட்டியைத் திறந்து, ஒரு வால்வைத் தட்டி, எதையோ திருகுவது போலக் காட்டி மூடுவார். அடுத்து வருகிறவருக்கு மைக் நன்றாகவே வேலை செய்யும். நான் புத்தகத்தில் எழுதுவேன்: ‘ஒலிபெருக்கியில் கோளாறு ஏற்பட்டதால் பேச்சாளர் தமது உரையை முடித்துக்கொண்டார்.’ எழுதப் பழகிய வாக்கியம். கை தானே எழுதும்.

முதலில் நீட்டி முழக்குகிறவர்களுக்குத்தான். எல்லோருக்கும் நிம்மதி. பிறகு பொதுக்கூட்டத்தில் ஒருவர், செயற்குழுத் தேர்தல் எப்போது என்று கேட்டார். கரகர. நூலக அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று இன்னொருவர். கரகர. சிவகாமசுந்தரி டீச்சர் பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அதை நிறுத்தியது யார் என்று கேட்க எழுந்தார். ‘யார்’ வரைக்கும்தான் கேட்டது.

டீச்சர் மறுநாள் மாடிப்படி அறை வாசலில் வந்து நின்றார். குட்டையான மனுஷி, அந்த வாசலில் குனியாமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

“என்ன தனசேகரன், என் குரல் உங்க பெட்டிக்குப் பிடிக்காதா? இது ரெண்டாவது தடவை.”

“வால்வு பழசு டீச்சர்.”

“பழசுன்னா மாத்துங்க. முந்நூறு பேருக்கு முன்னாடி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிட்டு வந்தேன். பசங்க இன்னைக்கு ஸ்கூல்ல அதை நடிச்சுக் காட்டுறாங்க.”

அவர் தலையை ஆட்டினார். டீச்சர் போன பிறகு அந்த வால்வைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். அது புது வால்வு. போன மாதம்தான் போட்டது.

வாயை அடைத்தது தலைவரின் சப்பாத்து. பெயர் கெட்டது பெட்டிக்கு. அந்த ஏற்பாடு அப்படித்தான் வேலை செய்யும், அப்படித்தான் அவரே அதைச் செய்திருந்தார். ‘தனசேகரன் பெட்டி பேச்சை முழுங்கும்’ என்று தேக்கா முழுக்கப் பரவிற்று. கல்யாணம், காதுகுத்து, தொழிற்சங்கக் கூட்டம் என்று கூப்பிட்டவர்கள் வேறு செட்டுக்குப் போனார்கள். உண்மையைச் சொன்னால் தலைவரின் மானம் போகும், அதோடு அறையும் போகும். சொல்லாவிட்டால் பெயர் போகும். அவர் அறையைக் காப்பாற்றிக்கொண்டார்.

மன்றத்துக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் ரவூப்பின் கோப்பிக் கடை. சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

“அண்ணே, உங்க பெட்டிக்கு ஆள் தெரியுமோ? மெம்பர் பேசினா மக்கர் பண்ணுது, தலைவர் பேசினா தங்கமாட்டம் இருக்கு. நம்ம கடை அடுப்புகூட இப்படி மூஞ்சி பாத்து எரியாது லா.”

“சீனி கம்மியா இருக்கு” என்று சாசரை நீட்டினார் தனசேகரன்.

அதே ரவூப் தம் மகள் ஆயிஷாவின் நிக்காஹுக்கு வேறு ஒருவர் செட்டை அமர்த்தினார். அதைச் சொல்ல அவரே வந்தார். அறைக்குள் நுழையாமல் வாசலில் நின்று தோள் துண்டை முறுக்கினார். “வீட்டுல ஹலீமா ஒத்துக்க மாட்டேங்கிறா அண்ணே. துஆ ஓதுறப்ப மைக் நின்னுட்டா சகுனம் ஆகாதுங்கிறா. நான் எவ்வளவோ சொன்னேன்.”

தனசேகரன் கையிலிருந்த கம்பிச்சுருளை ஆணியில் மாட்டினார். பிறகு, “சரிதான். வர்ற ஆள்கிட்டச் சொல்லிடு, உங்க இமாம் குரல் தணிவு. ஏழுல வைக்கணும்” என்றார்.

இந்த வருடம் மன்றத்துக்குப் புது மைக் செட் வாங்குவது என்று செயற்குழு பேசியது. ஜப்பான் சாமான், வால்வு இல்லை, எல்லாம் டிரான்சிஸ்டர். தலைவரின் மருமகன் கடையில் வந்திறங்கியிருக்கிறது. அதைப் பூட்டி வைக்க ஓர் அறை வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பொதுக்கூட்டம். ஐந்தாவது பொருள்: ‘மாடிப்படி அறையை மன்றத்தின் உபயோகத்துக்கு மீட்பது.’ தொடக்கத்தில் சொன்ன பப்பாளியும் சீப்பும் அந்த ஞாயிறு மூன்று மணிக்குக் கேட்டவை. மைக்குகளைப் பார்த்த பிறகு அவர் மேசைக்கடியில் குனிந்து, கம்பளத்தைத் தூக்கி, சுவிட்சை என்னைக் கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பெட்டியிடம் போய் டின்னின் மூடியை நூலளவு விலக்கி, பல்பு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. தலையசைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க இன்னைக்குப் பேசப்போறதாச் சொன்னீங்களே. அந்தக் கம்பியை மட்டும் கழட்டி விட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “கூட்டம் ஆரம்பிக்கிறப்ப செட்டு முழுசா வேலை செய்யணும் கிராணியாரே. அதுதானே என் வேலை?” பிறகு கொஞ்சம் தணிந்து, “தலைவர் அமுக்க மாட்டாருங்க. என் விஷயம்லா இது. பன்னெண்டு வருஷம்” என்றார்.

கூடம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் சுற்றின. ஐந்தாவது பொருள் வந்ததும் தலைவர் தம் மைக்கை முன்னால் இழுத்துக்கொண்டார். “தனசேகரன் மேல நமக்கெல்லாம் மரியாதை இருக்கு. ஆனா செட்டோட நிலைமை நான் சொல்ல வேண்டியதில்ல. பொய்யா மெய்யான்னு நடவடிக்கைப் புத்தகமே சொல்லட்டும். வாசிங்க.”

வாசிங்க என்றது என்னை.

போன வருடம் புதுச் சட்டம் வந்ததிலிருந்து என்னைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு வேலை பெர்மிட் உண்டு. அந்தப் படிவத்தின் அடியில் முதலாளி கையெழுத்துப் போட ஒரு கட்டம் உண்டு. நான் எழுந்து வாசித்தேன். நான்கு வருடம், பதினொரு இடம், பதினொன்றிலும் அதே வாக்கியம், என் கையெழுத்தில். ‘ஒலிபெருக்கியில் கோளாறு ஏற்பட்டதால்.’ ஆறாவது தடவையில் பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பித்தது. ஒன்பதாவதில் என்னோடு சேர்ந்தே சொன்னார்கள்.

“அந்தப் பதினொண்ணுல மூணு என்னோடது” என்றார் சிவகாமசுந்தரி டீச்சர் முன்வரிசையிலிருந்து. “தனசேகரன் நல்ல மனுஷர்தான். ஆனா பெட்டி சரியில்ல. அதைச் சொல்லித்தான் ஆகணும்.”

சுவரோரம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த தனசேகரன் கையைத் தூக்கினார். அவரும் அங்கத்தினர், பேச மூன்று நிமிடம் உண்டு. மறுக்க வழியில்லை. “வாங்க, வாங்க” என்றார் தலைவர். தனசேகரன் பெட்டி மூடியைத் திறந்து பெயர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டாம் குமிழை ஒன்பதுக்குத் திருகிவிட்டு மேடை ஏறினார். மைக்கிலிருந்து ஒரு சாண். கசங்கிய அந்தக் குரல் முதல்முறையாகக் கூடம் முழுக்க வந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். பெட்டியில கோளாறு இல்ல. பதினொரு தடவையும் அது நல்லாத்தான் இருந்துச்சு. டீச்சர் பேசுறப்ப—”

என் பேனா கீழே விழவில்லை. ஆனாலும் நான் குனிந்தேன். பழுப்புச் சப்பாத்து சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் அமர்ந்திருந்தது.

கரகரப்பு இரண்டு நொடி. பிறகு அவர் வாய் மட்டும் அசைந்தது. கையை ஒருமுறை மேசைப் பக்கம் காட்டினார். அதற்கும் குரல் தேவைப்பட்டது. முன்வரிசையிலேயே யாருக்கும் எட்டவில்லை. விசிறிச் சத்தம் அவரைவிடப் பெரிது.

“சத்தமா! கேக்கல!”

“அவர் மைக் அவரையே முழுங்கிடுச்சு லா!”

கூடம் இடிந்துவிடுகிற மாதிரி சிரித்தார்கள். தலைவர்கூட வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பின்வாசலில் கோப்பித் தட்டோடு நின்ற ரவூப் மட்டும் சிரிக்கவில்லை. தனசேகரன் கை காட்டிய திசையிலேயே, மேசைக்கடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடமும் ஆகும் முன்பே தனசேகரன் இறங்கினார். தலைவர் கைதூக்கச் சொன்னார். தூக்கினார்கள். டீச்சரும் தூக்கினார். நான் எழுதினேன்.

மிச்சம் இருந்தது நன்றியுரை. அதைச் சொல்ல வேண்டியவர் டீச்சர்.

“தனசேகரா, அந்த மைக் கிடக்கட்டும். என் மைக்கை எடுத்துட்டுப் போய் அங்க வச்சுக் கொடுப்பா” என்றார் தலைவர், பழைய நட்போடு.

அவர் வந்தார். தலைவர் முன்னாலிருந்த மைக்கை எடுத்து, கம்பியைக் கவனமாகச் சுருள் பிரித்து, மேடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அது முதல் குமிழின் மைக். எந்தச் சப்பாத்தும் எட்டாத மைக். அது அவர் கையில் இருந்தது, சோதித்துப் பார்க்க வேண்டிய உரிமையோடு.

தலைவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மேசைக்கடியில் சப்பாத்து சுவிட்சை மிதித்தது, எடுத்து மறுபடி மிதித்தது.

தனசேகரன் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றார். வாயைத் திறந்தார். அவர் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. முந்நூறு பேரும் அடங்கிவிட்டார்கள். என் விரலில் பேனா ஈரமாகிவிட்டது. அவர் பேசிவிடக் கூடாதே என்று அந்தக் கூடத்தில் வேண்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைவர்.

“பப்பாளி” என்றார் தனசேகரன். “சீப்பு... சுண்ணாம்பு.”

பிசிறில்லாமல் வந்தது. “இப்பக் கேக்குது, இப்பக் கேக்குது!” என்று யாரோ கைதட்டினார்கள்.

அவர் தலையை இடப்பக்கம் சாய்த்துப் பின்சுவரைக் கேட்டார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மைக்கின் வலையைத் துடைத்தார். டீச்சர் குட்டை என்பதால் தண்டை நான்கு விரல் இறக்கி, திருகை இறுக்கினார். பிறகு மேடையை விட்டு இறங்கி, பெட்டியிடம் போய், மூடியைப் பார்க்காமலே முதல் குமிழை ஆறில் வைத்தார்.